நிலம் இறங்கிய துறைமுகம்

கலிபோர்னியாவின் தென்கரையில், லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய இருபது மைல் தெற்கே அமைந்திருக்கிறது லோங் பீச் என்னும் நகரம். பெயருக்கேற்ற நீண்ட மணற்கரை. மாலை வேளையில் அக்கரையில் நின்று கடலை நோக்குவோர் கண்களுக்கு நான்கு சிறு தீவுகள் தென்படும். அவற்றின் ஓரங்களில் பனையினத்து மரங்கள் அசைகின்றன. மெல்லிய வண்ணங்கள் பூசப்பட்ட உயர்ந்த கோபுரங்கள் நிற்கின்றன. செயற்கை அருவியொன்று பாறைமேல் வழிகின்றது. இருள் கவிந்ததும் பல நிற விளக்குகள் ஒளிர்கின்றன. பெருஞ் செல்வர்கள் வாழும் மாடமாளிகைகள் போலும் என்றே நானும் எண்ணினேன்.

"அங்கே ஒருவரும் குடியிருப்பதில்லை, சித்தப்பா. அந்தக் கோபுரங்களுக்குள் இருப்பவை எண்ணெய்க் கிணறு துளைக்கும் பொறிகள்" என்றான் என்னை அழைத்துச் சென்றிருந்த பெறாமகன்.

உண்மை அதுதான். 1965ஆம் ஆண்டு தொடங்கி, கற்றலினாத் தீவிலிருந்து தெப்பங்களில் ஏற்றி வந்த 640,000 தொன் பாறைகளை வட்டமாக அடுக்கி, நடுவே கடலடி மணலைக் கொட்டி நிரப்பி அமைத்த தீவுகள் அவை. விண்வெளிப் பணியில் உயிர்நீத்த அமெரிக்க வீரர்களான கிறிஸம், வைற், சஃபி, ஃபிறீமன் ஆகிய நால்வரின் பெயர்களை அவை தாங்கி நிற்கின்றன. கரையோரத்து வீடுகளில் வாழ்வோரின் கண்ணுக்கு இயந்திரங்கள் உறுத்தலாகாது என்று, ஜோசப் லினெஷ் என்னும் நிலவனப்புக் கலைஞரைக் கொண்டு இவ்வொப்பனை செய்யப்பட்டது. பொறிகளுக்கு இத்தனை அழகான போர்வை வேறெங்கும் இருக்குமோ என்பது ஐயமே.

ஒப்பனையைக் கண்டு வியந்து திரும்புவோர் பலர். ஆயினும் அத்தீவுகளில் நடைபெறும் பணிகளுள் மிக முக்கியமான ஒன்று, அங்கு நின்று பார்த்தாலும் தெரியாதது. நிலத்தடியிலிருந்து எண்ணெயை எடுக்கும் அதே வேளையில், அந்த இடத்தை நிரப்பும் பொருட்டு நீரை ஓயாது கீழே செலுத்துகிறார்கள். அந்த நீர் நின்றால் நகரம் என்னாகும் என்பதை அந்நகரத்தார் நன்கறிவர். அவர்களுடைய தந்தையரும் பாட்டன்மாரும் அதனைக் கண்ணாற் கண்டவர்கள்.

லோங் பீச்சுக்கு எண்ணெய் புதிதன்று. 1921ஆம் ஆண்டில் நகரை ஒட்டிய சிக்னல் ஹில் என்னும் குன்றில் எண்ணெய் பீறிட்டெழுந்தபோதே ஊர் செல்வச் செழிப்புக் கண்டது. ஆனால் நமது கதைக்குரியது, 1932இல் கண்டுபிடிக்கப்பட்ட வில்மிங்டன் எண்ணெய்ப் படுகை. நீளம் ஏறக்குறைய 13 மைல், அகலம் 3 மைல். துறைமுகத்தின் அடியாகவும் நகரின் ஒரு பகுதியின் அடியாகவும் சென்று கடலுக்குள்ளும் பரந்து கிடக்கும் இப்படுகை, ஐக்கிய அமெரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய்ப் படுகைகளுள் ஒன்று. 1911இலேயே கரையோரத்து அலைவாய் நிலங்களை மாநில அரசு நகரத்தின் பொறுப்பில் விட்டிருந்தமையால், அந்நிலத்தடி எண்ணெயின் வருவாய் நகர நிர்வாகத்தின் கைக்கு வந்தது. அப்பணம் துறைமுகமாயிற்று, அணைகரைகளாயிற்று, பண்டசாலைகளாயிற்று.

எண்ணெய்ப் படுகையின் நடுவே, துறைமுகத்தில், டெர்மினல் தீவு கிடக்கிறது. முற்காலத்தில் அதற்குக் கிலுகிலுப்பை விரியன் பாம்பின் பெயர் வழங்கியதாம். பின்னர் அங்கே ஜப்பானிய மீனவர் குடியேறி ஓர் ஊரை உண்டாக்கினர். போர் மூண்டதும், 1942இல், நாற்பத்தெட்டு மணி நேர அவகாசத்தில் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அது வேறொரு துயரக் கதை. அத்தீவிலேயே அமெரிக்கக் கடற்படை பெரியதொரு கப்பல் கட்டுந்தளத்தை நிறுவிற்று. எடிசன் கம்பனியின் மின்னிலையமும் அங்கேதான் இருந்தது.

1941ஆம் ஆண்டில் கூட்டாட்சி அரசின் கரையோர அளவைத் திணைக்களத்தார் அங்கு மீண்டும் மட்டங்கண்டபோது, தீவின் கிழக்கு முனை ஓர் அடிக்கு மேல் தாழ்ந்திருக்கக் கண்டனர். அதற்கு முன் எவரும் அதனை உணரவில்லை. உணர முடியாமைக்குக் காரணமும் இருந்தது. வீடு ஒன்று மட்டும் புதைந்தால் சுவர் வெடிக்கும், கதவு இறுகும், நாம் அறிவோம். ஆனால் வீடும் வீதியும் வேலியும் விளக்குத் தூணும் எல்லாம் ஒருங்கே மெல்ல மெல்ல இறங்கும்போது, அவற்றின் நடுவே நிற்பவன் எதனைக் கொண்டு அறிவான்? அயல்வீடும் அதே அளவு இறங்கியிருக்கிறது. இறங்காதது கடல் ஒன்றே. ஆகவே முதலிற் காட்டிக் கொடுத்ததும் கடல்தான். அணைகரையின் விளிம்புக்கும் நீருக்கும் இடையிலிருந்த தூரம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வந்தது. 1945ஆம் ஆண்டளவில் இறக்கம் நான்கு அடியைத் தாண்டிற்று.

காரணம் யாது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை எழுந்தது. கடற்படையின் உலர்துறை கட்டுகையில் நிலத்தடி நீரை இறைத்தமையே காரணம் என்றனர் சிலர். கட்டடங்களின் பாரம் என்றனர் வேறு சிலர். பூமியின் இயல்பான அசைவு என்று சொல்லி அமைதி கண்டவர்களும் உண்டு. 1933இல் அந்நகரைச் சிதைத்த பூமியதிர்ச்சி மக்கள் மனத்தை விட்டு அகலவில்லை. எதற்கும் பூமியையே குற்றஞ் சொல்வது அப்போது எளிதாயிருந்தது. எண்ணெய் எடுப்பதே காரணம் என்பதை நகரத்தில் எல்லோரும் விரும்பிக் கேட்டிருக்க மாட்டார்கள். 1949இல் ஜேம்ஸ் கிலூலி, யு. எஸ். கிறான்ற் என்னும் இரு புவிச்சரிதவியலாளர் வெளியிட்ட ஆய்வு, இறக்கத்துக்கும் எண்ணெய் எடுத்தலுக்கும் உள்ள தொடர்பை ஐயத்துக்கிடமின்றிக் காட்டிற்று. இந்தக் கிறான்ற், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வென்று பின்னர் ஜனாதிபதியான கிறான்றின் பேரன்.

நிலத்தடியில் நடந்தது இதுதான். எண்ணெய் என்றதும் குகைக்குள் ஏரிபோலத் தேங்கிக் கிடப்பதென்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அப்படியன்று. ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், இறுகாத மணற் படைகளில், பருக்கைக்கும் பருக்கைக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் எண்ணெயும் நீரும் வாயுவும் அமுக்கத்தோடு நிறைந்திருக்கின்றன. மேலே கிடக்கும் மண்ணின் பாரத்தை மணற் பருக்கைகளும் இத்திரவமும் சேர்ந்தே தாங்குகின்றன. திருவிழாவிற் சப்பரம் சுமப்போருள் பாதிப்பேர் தோளை எடுத்துவிட்டால் மிகுதிப்பேர் என்ன செய்வார்கள்? முழங்கால் மடிவார்கள். திரவம் வெளியேறி அமுக்கம் குறையவே, பாரம் முழுவதும் பருக்கைகளின் மேல் விழுந்தது. மணல் நெருங்கிற்று, இடையிலிருந்த களிப்படைகள் நசிந்தன, மேலுள்ள நிலம் ஒரு கிண்ணம்போலக் குழிந்தது.

இப்படி நடக்கக்கூடும் என்பதற்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை. ரெக்சாஸ் மாநிலத்தில் கூஸ் கிறீக் என்னும் இடத்தில், எண்ணெய் எடுக்கத் தொடங்கிய சில ஆண்டுகளில் நிலம் மூன்று அடியளவு தாழ்ந்து, ஒரு சிறு முனைநிலம் நீருள் மறைந்தது. நீரடி நிலம் அரசுக்கே சொந்தம், ஆகவே எண்ணெயும் எமதே என்று மாநில அரசு வழக்காடிற்று. நிலம் தாழ்ந்தது இயற்கையாலன்று, எண்ணெய் எடுத்தமையால் என்று கண்ட நீதிமன்றம் அரசின் கோரிக்கையை ஏற்கவில்லை. தாம் நிலத்தைத் தாழ்த்தியதை எண்ணெய்க் கம்பனியார் நீதிமன்றத்தில் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்ட சந்தர்ப்பம் அது ஒன்றாகவே இருக்கும். பிராற், ஜோன்சன் என்னும் இருவர் 1926இல் அதனை எழுதி வெளியிட்டும் இருந்தனர். அந்தப் பாடம் கலிபோர்னியாவுக்கு வந்து சேரக் காலம் பிடித்தது.

1951ஆம் ஆண்டில் இறக்கம் உச்சத்தை எட்டிற்று. ஓராண்டில் 28 அங்குலம். கணக்கிட்டால் பதின்மூன்று நாளுக்கு ஓர் அங்குலம் ஆகிறது. குழிவின் நடு, எடிசன் மின்னிலையத்தின் அயல். முடிவில் அவ்விடத்தில் நிலம் 29 அடி தாழ்ந்திருந்தது. நல்லதொரு பனையின் பாதி உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். குழிந்த பரப்பு 20 சதுர மைல்.

அந்த ஆண்டுகளிற் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கடலை வெளியே நிறுத்தப் பெருங் கரைகள் எழுப்பினர். நிலம் மேலும் இறங்க, கரைகளை மேலும் உயர்த்தினர். பண்டசாலைகளை அடியோடு தூக்கி நிறுத்தி அடியில் மண் நிரப்பினர். மழைநீர் கடலுக்கு வழிந்தோட மறுத்தது. பம்புகளால் இறைத்து வெளியேற்ற வேண்டியதாயிற்று. நிலம் கீழே இறங்கியதோடு நில்லாமல் குழிவின் நடுவை நோக்கிப் பக்கவாட்டிலும் நகர்ந்தமையால், தண்டவாளங்கள் வளைந்தன; நிலத்தடிக் குழாய்கள் முறிந்தன. ஆழத்தில் ஒரு படை மற்றொரு படையின்மேல் திடீரென வழுக்கியபோது சிறு அதிர்ச்சிகள் உண்டாயின. 1949இல் நேர்ந்த அத்தகையதோர் அதிர்ச்சியில் இருநூறுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளின் இரும்புக் குழாய்கள் நிலத்தடியிற் சிதைந்தன. எண்ணெய் எடுத்தவர்களின் கிணறுகளையே எண்ணெய் எடுத்தமை முறித்தது. பழுது பார்க்கவும் காக்கவும் ஆன செலவு பத்துக் கோடி டொலருக்கு மேல்.

அப்படியானால் எண்ணெய் எடுப்பதை நிறுத்தியிருக்கலாமே என்று வாசகர் கேட்கலாம். கடற்படையும் அதையேதான் கேட்டது. தமது கப்பல் கட்டுந்தளம் கடலுள் அமிழ்வதைக் கண்டு, 1958இல் கூட்டாட்சி அரசு மாநிலத்தின்மீதும் நகரத்தின்மீதும் எண்ணெய்க் கம்பனிகள்மீதும் வழக்குத் தொடுத்தது. ஆனால் நகரத்தின் கையில் தாழ்வைச் சரிசெய்யும் பணம் எங்கிருந்து வந்தது? அதே எண்ணெயிலிருந்துதான். நிறுத்தினால் மண்வெட்டிக்கும் பணமில்லை. நிறுத்தாவிட்டால் வெட்டி நிரப்ப நிலமில்லை. நான் அந்நகரத்தாரைக் குறை கூறத் துணியேன். வருவாய் தரும் பசுவை எவரும் எளிதில் விற்பதில்லை. எனினும், 1941இல் அளவுகோல் சொன்னதைச் சட்டம் ஏற்றுக்கொள்ளப் பதினேழு ஆண்டுகள் சென்றன என்பதையும் மறைப்பதற்கில்லை.

பரிகாரம் எண்ணெய்த் தொழிலிலிருந்தே வந்தது. எடுத்த திரவத்துக்கு ஈடாக நீரைச் செலுத்தி அமுக்கத்தை மீட்கலாம் என்பதைப் பொறியியலாளர் 1950களிற் சோதித்துக் கண்டனர். கடல் பக்கத்திலேயே இருந்தது, நீருக்குப் பஞ்சமில்லை. சிக்கல் மனிதரிடத்தில் இருந்தது. நகரின் ஒரு பகுதியில் எண்ணெய்நிலம் சிறு சிறு காணிகளாகப் பலருக்கு உரிமையாயிருந்தது. எனது காணியில் நான் நீரைச் செலுத்தினால் எண்ணெய் அயலான் கிணற்றுக்குத் தள்ளப்பட்டுவிடும். செலவு எனக்கு, வரவு அவனுக்கு. வேலித் தகராறு நம்மூருக்கு மட்டும் உரியதன்று போலும். 1958இல் கலிபோர்னியச் சட்டசபை நிறைவேற்றிய நிலத்தாழ்வுச் சட்டம் இந்தப் பிணக்கைத் தீர்த்தது. படுகையின் ஒவ்வொரு பகுதியையும் ஒரே அலகாகக் கொண்டு, எல்லோரும் ஒருங்கே எண்ணெய் எடுத்து, ஒருங்கே நீர் செலுத்தி, வரவையும் செலவையும் பங்கிட்டுக்கொள்ள அது வழிவகுத்தது. நீர் சென்று எண்ணெயை முன்தள்ளியமையால் விளைச்சலும் பெருகிற்று. முன்பு மறுத்தவர்களும் பின்னர் மகிழ்ந்தார்கள்.

நீர் பயன் தருகிறதா என்பதை அறிய ஒரே வழி அளப்பது. அவ்வேலையின் அருமையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மட்டக்குறி என்பது வீதியோரக் கொங்கிறீற்றிலோ கட்டடத்தின் அடியிலோ பதித்த, ஓர் உள்ளங்கையளவான பித்தளை வட்டம். முக்காலியின்மேல் மட்டமானியை நிறுத்தி, அதன் தொலைநோக்கி வழியாக முன்னும் பின்னும் உள்ள அளவுகோல்களைப் பார்த்து, இரண்டுக்குமுள்ள உயர வேற்றுமையைக் குறித்துக்கொண்டு, அளவையாளர் அடியடியாக முன்னேறுவர். குழிவுக்கு வெளியே அசையாத நிலத்திலுள்ள குறியொன்றில் தொடங்கி, துறைமுகம் முழுவதையும் சுற்றி, மீண்டும் அசையாக் குறியொன்றில் முடிக்க வேண்டும். கணக்குப் பொருந்தினால் வேலை செம்மை. பொருந்தாவிட்டால் மறுபடியும் நடை. இங்கே வேறொரு தொல்லையும் இருந்திருக்கும். பதின்மூன்று நாளில் ஓர் அங்குலம் இறங்கும் நிலத்தில் அளவை இரண்டு வாரம் நீடித்தால், முதல் நாள் அளந்த குறி கடைசி நாளில் அதே இடத்தில் இல்லை. அளக்கப்படும் பொருள் அளப்பவனுக்காகக் காத்திருக்கவில்லை.

மேற்பரப்பை மட்டும் அளந்து அவர்கள் நின்றுவிடவில்லை. எண்ணெய்க் கிணற்றின் இரும்புக் குழாய் பல துண்டுகளைப் பொருத்தி ஆக்கியது. ஒரு கருவியைக் கயிற்றில் இறக்கினால், ஒவ்வொரு பொருத்து வளையமும் எந்த ஆழத்தில் உள்ளது என்று அது காட்டும். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் இறக்கிப் பார்த்தபோது, சில ஆழங்களில் இரு வளையங்களுக்கு இடையிலான தூரம் குறைந்திருந்தது. குழாய் நசிந்திருந்தது, ஆகவே அதனைப் பற்றிநின்ற மண்ணும் நசிந்திருந்தது. அந்த ஆழங்கள் எண்ணெய் மணற்படைகளின் ஆழங்களே. நோய் எந்த எலும்பில் என்று மருத்துவர் ஒளிப்படம் பிடித்துக் காட்டுவது போன்றது இது.

நீர் செலுத்தப்பட்ட பகுதிகளில் இறக்கம் தளர்ந்து, 1960களின் நடுப்பகுதிக்குப் பின் ஏறக்குறைய நின்றே போயிற்று. சில இடங்களில் நிலம் ஓர் அடியளவு மேலே எழுந்ததும் உண்டு. ஆனால் இழந்த இருபத்தொன்பது அடியும் மீளவில்லை, மீளவும் மாட்டாது. நெருங்கிய மணலும் நசிந்த களியும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

கடலுக்கு அடியிலிருந்த கிழக்குப் பகுதியில் எண்ணெய் எடுக்கலாமா என்று 1962இல் வாக்கெடுப்பு நடத்தியபோது, மக்கள் இசைந்தார்கள். தாழ்வைத் தடுக்கத் தொடக்கம் முதலே நீர் செலுத்தவேண்டும் என்பது விதி. நாம் கரையிலிருந்து கண்ட நான்கு தீவுகளும் அவ்வாறு பிறந்தவையே. அன்று தொட்டு, எடுக்கும் திரவத்தின் அளவை விடச் சற்று அதிகமான நீரையே கீழே செலுத்தி வருகின்றனர். அதிலும் நிதானம் வேண்டும். மிகையாகச் செலுத்தினால் நிலம் வீங்கும். நகரத்தின் அளவையாளர் ஆண்டுக்கு இருமுறை குறிகளின் உயரத்தைக் கண்டு, மாநகர சபைக்கு அறிக்கை சமர்ப்பிக்கின்றனர். மட்டமானியோடு நடந்த காலம் போய், செய்மதிகளிலிருந்து வரும் சமிக்ஞைகளைக் கொண்டு உயரம் காணும் கருவிகள் வந்துவிட்டன. விண்ணிலிருந்து ராடர் கதிர்களை வீசி, நகரம் முழுவதன் ஏற்ற இறக்கத்தையும் மிக நுணுக்கமாக வரையும் முறையும் வந்திருக்கிறது.

மறுநாட் காலையில் டெர்மினல் தீவுப் பக்கம் போனோம். வழியில், 1967 முதல் அந்நகரில் ஓய்ந்து நிற்கும் 'குயீன் மேரி' கப்பலைக் கண்டேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவுஸ்திரேலியப் படைவீரரை ஏற்றிக்கொண்டு நமது திருகோணமலையிலும் நங்கூரமிட்ட கப்பல் அது. கடற்படைத் தளம் 1997இல் மூடப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் இன்று கொள்கலன்கள் மலைபோல் அடுக்கப்பட்டிருக்கின்றன. பாலத்திலிருந்து இறங்கி ஒரு வளைவைக் கடந்ததும் பெறாமகன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"இப்போது நாங்கள் கடலின் ஏற்ற மட்டத்துக்குக் கீழே போகிறோம், சித்தப்பா" என்றான்.

நான் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. வீதி, வேலி, லொறிகள். தொலைவில் ஒரு மண்கரை. அதற்கப்பால் ஒரு கப்பலின் மேற்பாகம் மட்டும், நாங்கள் இருந்த மட்டத்துக்கு மிக உயரே, மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

கடல்மட்டமோ உலகெங்கும் ஏறி வருகிறது. தாழ்ந்த நிலத்துக்கு அது இரட்டைச் சுமை. படுகையிலிருந்து இதுவரை 250 கோடிப் பீப்பாய்க்கு மேல் எண்ணெய் எடுத்தாயிற்று. எண்ணெயைக் கைவிட வேண்டும் என்னும் குரலும் கலிபோர்னியாவில் ஓங்கியிருக்கிறது. கடைசிக் கிணறு மூடப்படும் நாளில், கீழே உள்ள அமுக்கத்தை யார் கண்காணிப்பது, அளவையாளருக்கும் நீருக்கும் ஆகும் செலவை எந்த வருவாயிலிருந்து கொடுப்பது? என் பெறாமகனிடம் கேட்டேன். அவன் அங்கே வீடு வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அடுத்த அறிக்கை வரட்டும், பார்ப்போம்" என்றான்.

திரும்பும் வழியில், தேநீர் அருந்துவதற்காக இறங்கிய இடத்தில், நடைபாதையோரத்தில் ஒரு பித்தளை வட்டம் பதிந்திருந்தது. கால்கள் பட்டுப் பட்டு அதன் எழுத்துக்கள் பாதி தேய்ந்து போயிருந்தன. பள்ளிக்குச் செல்லும் இரண்டு சிறுவர்கள் அதன்மேல் மிதித்துக் கடந்து சென்றார்கள். நான் குனிந்து கைக்குட்டையால் அதன் மேலிருந்த மணலைத் துடைத்தேன்.